கிட்னிக்கு ஒரு துவாரம்

அப்புத்தளைப் பக்கத்தில் ஒருவர் சொந்தத்துக்குக் கிட்னி கொடுக்கப் போகிறார் என்றால், வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "விலாவைக் கிழிச்சிட்டா, அந்த மனிசன் பிறகு எப்படி மலையேறி வேலை செய்யிறது?" ஊவாவில் இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டை, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் கண்ட பிரதேசங்களில் ஒன்று.

இக்கேள்விக்கான விடை முதலில் விலங்குகளிடமே தேடப்பட்டது. அவ்வழியில் முன்னே நடந்தவர்களுள் நம்மவரும் ஒருவர்: செவில் நகரத்து இப்னு ஸுஹ்ர் (மறைவு 1162). வெட்டிய மூச்சுக்குழாய் ஆறுமா என்பதை அறிய ஓர் ஆட்டுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். காயத்தைத் தேனும் தண்ணீரும் கொண்டு கழுவி வந்தார். ஆடு பிழைத்தது.

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின், ஜேர்மனியின் ஹைடல்பர்க் நகரில் குஸ்டாவ் சீமோன், ஒரு சிறுநீரகத்தோடு உயிர் வாழலாம் என்பதை நாய்களில் பார்த்து உறுதிசெய்த பின்னரே, 1869 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். அவர் பிழைத்தார்.

சாவித்துவார முறைக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் குழுவினர் பன்றிகளில் பழகிய பின், 1990 ஜூன் 25இல் 85 வயதுப் பெண்ணொருவரின் நோயுற்ற சிறுநீரகத்தைப் பைக்குள் இட்டு, துண்டாக்கி, சிறு துளைவழியே எடுத்தனர். பன்றியின் சிறுநீரகம் பருமனிலும் உள்ளமைப்பிலும் மனிதருடையதை ஒத்தது என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

தானமாகக் கொடுக்கும் கிட்னியைத் துண்டாக்க முடியாது. 1995இல் பால்டிமோரில் தானகாரரிடமிருந்து முதன்முறை சாவித்துவார வழியாக அதை எடுத்தபோதும், முழுதாக வெளியே கொண்டுவர வேறாக ஒரு வெட்டு தேவைப்பட்டது. அப்படியென்றால் எல்லாக் கருவிகளையும் அந்த ஒரே வெட்டால் விட்டால் என்ன? சிக்கல், கருவிகள் ஒன்றோடொன்று முட்டுவது. ஆகவே நுனி வளையும் கருவிகள் வந்தன. டல்லஸ் வைத்தியர்கள் அவற்றைப் பன்றிகளில் சோதித்து, பின் மனிதரில் தொப்புள் வழியே பயன்படுத்தி 2007இல் வெளியிட்டனர்.

குஜராத்தின் நடியாத் முல்ஜிபாய் படேல் சிறுநீரக வைத்தியசாலை, தானகாரர்களில் இரு முறைகளையும் ஒப்பிட்டது. ஒற்றை வெட்டில் வலி குறைவு. ஒட்டிய கிட்னியின் இயக்கத்தில் வித்தியாசமில்லை. ஆனால் கிட்னி இரத்தமின்றி இருக்கும் நேரம் சற்றுக் கூடியது. ஆக, இது வழமையான சாவித்துவார முறையை மிஞ்சிய அற்புதமல்ல.

பன்றி என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். அதன் இறைச்சி ஹராம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் இங்கே அதன் எந்தப் பகுதியும் நோயாளியின் உடலுக்குள் போகவில்லை. நமக்குள்ள பொறுப்பு வேறு. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு மன்னிப்புக் கிடைத்ததைச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. சோதனைக்குட்படும் பிராணிக்கு வீண் வேதனை கொடுக்கக் கூடாது என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

உயிருள்ளவர் உறுப்புத் தானம் செய்வதை 1988இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி நிபந்தனைகளோடு அனுமதித்துவிட்டது. இனி மார்க்கத்தைச் சாட்டிப் பின்வாங்கத் தேவையில்லை. வெட்டுக்குப் பயப்படுபவரிடம், அந்த வெட்டு எப்படிச் சிறிதானது என்று விளங்கப்படுத்துவோம். முடிவு அவருடையது.