கையடக்கத் தீயணைப்பான்

வீட்டிலும் வாகனத்திலும் தொடக்கநிலைத் தீயை அடக்க உதவும் அழுத்த உருளை. இந்தியத் தரம் ஐ.எஸ். 15683. மரம், துணித் தீ 'ஏ' வகை, பெட்ரோல், டீசல் 'பி', வாயு 'சி'. ஓட்டு வீட்டின் மர மச்சும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடும் சமையல் கேஸும் அருகருகே இருக்கும் தக்கலை வட்டாரத்துக்கு, மூன்றையும் அணைக்கும் ஏபிசி உலர்தூளே ஏற்றது. கார்பன் டை ஆக்சைடு உருளை மின்சாதனங்களில் கறை விடாது. ஆனால் அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை போன்ற மரக்கட்டடத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. சுடர் அணைந்தாலும் கனல் மீண்டும் பற்றும்.

காருக்கு 1 கிலோ உருளை வழக்கம். அதை டிக்கியில் பூட்டி வைப்பது வீண்; ஓட்டுநர் கைக்கெட்ட வேண்டும். வீட்டில் அடுப்புக்கு மேலே அல்ல, வாசல் பக்கம் மாட்டலாம். பின்னை உருவி, சுடரை விட்டுத் தீயின் அடியைக் குறிபார்த்து, பிடியை அழுத்தி இடவலமாக வீச வேண்டும். சிறிய உருளை சுமார் பத்து விநாடியில் தீரும் என்பதால் முதுகுப்புறம் வெளியேறும் வழி இருக்கட்டும். வாணலி எண்ணெய் பற்றினால் தண்ணீர் கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுவதே முதல் வேலை. அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்க வேண்டும். சிறிதளவு பீய்ச்சினாலும் அழுத்தம் கசியும். உடனே மறுநிரப்பல் அவசியம். தீயணைப்புத் துறை: 101.