செப்பேடு சொன்னதும் சொல்லாததும்

புதுவைக்குத் தெற்கே, பெரிய ஏரியின் நீரால் நெல் விளையும் ஊர் பாகூர். “ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாகூரில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது, ஆயிரக்கணக்கானோர் அங்குப் பயின்றனர்” என்று ஒருவர் கூறினால் அவ்வட்டாரத்தார் உள்ளம் பூரிப்பர். ஆயின், பூரிப்பு ஒன்றே சான்றாகிவிடுமா?

இதனை ஆராய நமக்கு ஒரு செப்பேடு கிடைத்திருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது அது. அன்று வாகூர் எனப்பட்ட இவ்வூரின் வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்வி நிலையத்துக்கு, மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதை அது தெரிவிக்கிறது. ஆகவே, கல்வி நிலையம் இருந்தது மெய். அதனைப் பேண ஊர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டதும் மெய். மாணவர் எத்தனை பேர் என்பதையோ அச்செப்பேடு சொல்லவில்லை.

எண்ணிக்கை சொல்லும் சான்று வேறோர் ஊரில் உள்ளது. வில்லியனூரைக் கடந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் சாலையில் திருபுவனை இருக்கிறது. அங்குள்ள கோயிலின் கி.பி. 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முதலாம் இராசாதிராச சோழன் காலத்தது. 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரியை அது குறிப்பிடுகிறது. இரண்டு ஊர்களும் இன்றைய புதுவை மாநிலத்தில்தான் உள்ளன. எனினும் இரண்டு சான்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள். ஆண்ட மரபுகளும் வேறு. திருபுவனையின் எண்ணைப் பாகூருக்கு ஏற்றினால், இரண்டு மெய்களைக் கூட்டி ஒரு பொய்யைப் பெற்றவர்களாவோம்.

எண்களின் வழியே மிகை எளிதில் நுழையும் என்பதை 1377-இல் தம் ‘முகத்திமா’வை எழுதிய அறிஞர் இப்னு கல்தூன் நன்கு உணர்ந்திருந்தார். மூஸா நபி (அலை) அவர்கள் காலத்து இஸ்ரவேலர் படையில் ஆறு இலட்சம் பேருக்கு மேல் இருந்தனர் என்று அல் மஸ்ஊதி போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியிருந்தனர். இப்னு கல்தூன் அதனை அப்படியே ஏற்கவில்லை. அத்தனை பேர் அணிவகுத்தால் ஒரு முனையில் நிகழ்வது மறுமுனைக்கு எப்படித் தெரியும் என்று வினவினார். யஃகூப் நபி (அலை) அவர்களிலிருந்து நான்கே தலைமுறையில் ஒரு குடும்பம் அவ்வளவு பெருகுமோ என்றும் வினவினார். சொன்னவர் யார் என்று பார்ப்பதோடு, சொல்லப்பட்டது நடக்கக்கூடியதா என்றும் பார்க்க வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி.

நம் இல்லங்களிலும் முன்னோர் பற்றிய கதைகள் பல வழங்குகின்றன. எந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினர், பள்ளிவாசலை எந்த ஆண்டில் எழுப்பினர் என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். அவற்றை இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று. யாரிடம் கேட்டது, எப்போது எழுதப்பட்டது, கல்லோ பத்திரமோ உண்டா என்று பணிவோடு வினவுவதே முறை. சான்றில்லாததைச் செவிவழிச் செய்தி என்றே குறித்துவைத்தால் அதற்குரிய மதிப்பு குறையாது. வரலாறாக நூறு ஆண்டைக் கூட்டிச் சொன்னாலோ, அம்மிகை வெளிப்படும் நாளில், உடன் சொன்ன மெய்யையும் பிறர் நம்ப மறுப்பர்.

பாகூரின் பெருமைக்கு அச்செப்பேடு சொல்லும் அளவே போதும்.