கே-12 என்பது யாருடைய பெயர்?

சென்ற வாரம் உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், ஈ. கோலி கே-12 என்று போட்டிருக்கிறார்களே, அந்தக் கே-12 என்றால் என்ன?" இணையத்திலும் தேடிப் பார்த்திருக்கிறாள். அமெரிக்காவில் பாலர் வகுப்பு முதல் 12 ஆம் தரம் வரையான கல்விக்கும் அதே பெயர்தான். பக்டீரியாவைத் தேடிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடங்கள்தான் கிடைத்தன.

வகுப்பில் மணி அடித்துவிட்டதால் அரைகுறையாகச் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

1922 இல் கலிபோர்னியாவில், டிப்தீரியாவிலிருந்து தேறிவந்த ஒரு நோயாளியின் மலத்திலிருந்து அந்தப் பக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் அதற்கு ஒட்டிய லேபல்தான் கே-12. வேறு ஆழமான அர்த்தம் எதுவும் இல்லை. இருபது வருடங்களுக்குப் பிறகு அங்கே இருந்த எட்வர்ட் டேட்டம், கைக்கெட்டிய தூரத்தில் இருந்த அதையே தன் ஆய்வுக்கு எடுத்தார். பக்டீரியாக்களும் தமக்குள் மரபணுக்களைக் கலந்துகொள்கின்றன என்று 1946 இல் அவரும் ஜோஷுவா லெடர்பர்கும் காட்டியது அதை வைத்துத்தான். வேறொரு ஈ. கோலியை எடுத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. அப்படிக் கலக்கும் தன்மை எல்லா வகைக்கும் இல்லை. 1958 இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த நோயாளியின் பெயரைக் கதையைச் சொல்லும் எவரும் சொல்வதில்லை.

பிறகு ஆய்வுகூடங்கள் பெருகின, ஆளுக்கொரு குறி வைத்தார்கள், குழப்பம் வந்தது. 1966 இல் டெமெரெக்கும் சகாக்களும் ஓர் ஒழுங்கை முன்வைத்தார்கள்: ஒவ்வொரு ஆய்வுகூடத்துக்கும் தனி எழுத்துகள், அதன் பின்னால் தொடர் இலக்கம். எழுத்துகள் பெரும்பாலும் ஆய்வாளரின் முதலெழுத்துகளாகவே அமைந்தன. எச்பி101 என்பதில் இருப்பவர் ஹெர்பர்ட் போயர். டிஎச்5 ஆல்பாவில் இருப்பவர் டக்ளஸ் ஹனஹன். உழைத்தவர் தன் பெயரை வைப்பதில் தவறில்லை. ஆனால் பக்டீரியா வந்தது யாருடைய உடம்பிலிருந்து?

அபூர்வமாக அந்தப் பெயரும் தங்கிவிடுகிறது. 1915 மார்ச்சில், முதலாம் உலகப் போரின்போது, பிரான்ஸின் விமெரு என்ற கரையோர ஊரின் இராணுவ வைத்தியசாலையில் ஒரு பிரித்தானியச் சிப்பாய் வயிற்றுளைவால் இறந்தார். குண்டு பட்டு அல்ல, வயிற்றுளைவால். அவரிடமிருந்து பிரித்த ஷிகெல்லாவுக்கு இராணுவ மருத்துவர் ப்ரோட்டன்-அல்கொக் "கேபிள்" என்று பெயரிட்டார். 1920 இல் இங்கிலாந்தில் தேசிய பக்டீரியாச் சேகரிப்பு தொடங்கியபோது முதலாம் இலக்கம் அதற்குத்தான் கிடைத்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அதை உயிர்ப்பித்து மரபணுத் தொகுதியை வாசித்தார்கள். 2014 இல் முடிவு வெளிவந்தது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928 இல். 1915 இன் அந்தக் கிருமிக்கோ ஏற்கெனவே பெனிசிலின் எதிர்ப்பு இருந்தது! அப்போது "கேபிள்" யாரென்றும் தேடினார்கள். ஏர்னஸ்ட் கேபிள், கிழக்கு சரே படைப்பிரிவு, வயது 28. விமெரு மயானத்தில் மண் மணற்பாங்கு என்பதால் கல்லறைக் கற்களை நிறுத்தாமல் படுக்கவைத்திருக்கிறார்கள்.

இப்போது நம்மவர்களுக்கு நெருக்கமான பெயர் ஒன்று. கொலராவைப் படித்தவர்களுக்கு "எல் டோர்" வகை தெரிந்திருக்கும். அது அத்தூர். சூறா அத்தூரில் வரும் அதே சொல். சினாய் தீபகற்பத்தின் கரையிலுள்ள ஊர். ஹஜ் முடித்துக் கப்பலில் எகிப்து திரும்பும் ஹாஜிமாரை அங்கே தனிமைப்படுத்தி வைத்தார்கள். (தெற்கே இந்து சமுத்திரத்திலிருந்து செங்கடலுக்குள் வந்த ஹஜ் கப்பல்களுக்கு கமரான் தீவு.) 1905 இல் கொட்ஷ்லிக் என்ற ஜேர்மன் மருத்துவர் அந்த முகாமில் மௌத்தான ஹாஜிமாரின் குடலிலிருந்து அக்கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர்களிடம் கொலராவின் அறிகுறி இருக்கவில்லை. அதனால் இது உண்மையான கொலராக் கிருமியா என்ற தர்க்கம் பல தசாப்தங்கள் நீடித்தது.

1961 இல் இந்தோனேசியாவின் சுலவேசியிலிருந்து ஏழாவது கொலராப் பெருந்தொற்று கிளம்பியது. காரணம் இந்த வகைதான். இன்றுவரை அது ஓயவில்லை. பரவியது சுலவேசியிலிருந்து, பெயர் மட்டும் சினாயின் ஹாஜிமார் முகாமுடையது. புதிய நோய்களுக்கு ஊரின் பெயரோ ஆளின் பெயரோ வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல்தான் சொன்னது. பழைய பெயர்கள் அப்படியே நிற்கின்றன.

இன்று காலை வகுப்பில் இதைச் சொன்னபோது அதே மாணவி, "அந்த ஹாஜிமாருடைய பெயர் என்ன சேர்?" என்று கேட்டாள். புத்தகங்களில் முகாமின் பெயரும் மருத்துவரின் பெயரும்தான் வருகின்றன என்றேன். பரீட்சைக்கு வராது, எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.