வந்த நாட்டை விமர்சிக்கலாமா? வெளிநாட்டவர் உரிமையும் இணையதள முடக்கமும்

துபாயில் வேலை செய்யும் மகன் அந்நாட்டு அரசைக் குறை கூறி முகநூலில் எழுதலாமா? நம் ஊர்ப் பள்ளிக்கு வரும் இந்தோனேசியச் சகோதரர் இங்குள்ள ஒரு சட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா? நேற்றுவரை திறந்த ஒரு செய்தித் தளம் இன்று திறக்கவில்லை என்றால், யாரிடம் போய்க் கேட்பது? நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்விகள் இவை. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: அரசைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை, யாருக்கு வெறும் அனுமதி?

இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கொடைக்கானல் மலையும் அதன் அடிவாரமும் இதற்கு இரண்டு சான்றுகளைத் தருகின்றன.

மலையடிவாரத்தில் ஓர் அமெரிக்கர்

கொடைக்கானலில் 1845-ல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த கிறித்தவ ஊழியர்கள். 1901-ல் தங்கள் பிள்ளைகளுக்காக அவர்கள் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. அமெரிக்கர்களான அவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவில் வெளிநாட்டவர். முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு அவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தது. சட்டப்படி அமைந்த அரசுக்குக் கீழ்ப்படிய வேண்டும், அரசியலில் தலையிடக் கூடாது, தங்கள் செல்வாக்கை அரசுக்கு ஆதரவாகவே பயன்படுத்த வேண்டும் என்பதே அது. பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டு அமைதியாக இருந்தனர்.

அப்படி இருக்க முடியாத ஒருவர் அதே மிஷனில் இருந்தார். அவர் பெயர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். 1925-ல் மதுரைக்கு வந்த அவர் கதர் உடுத்தினார், காந்தியடிகளின் போராட்டத்துக்கு அனுதாபம் காட்டினார். 1930 மார்ச்சில் வைஸ்ராய்க்கு காந்தி எழுதிய கடிதத்தை எடுத்துச் சென்ற ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அது போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டே அவர் இந்தியாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பிறகு திரும்பி வந்தார். 1944-ல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். நாடு விடுதலை அடைந்தபோது மறுபடியும் வந்து, திண்டுக்கல் அருகே 1947-ல் காந்திகிராமம் உருவாகத் துணை நின்றார்.

அவர் ஆயுதம் எடுக்கவில்லை, கலவரம் தூண்டவில்லை. உடுத்திய உடையும் உபசரித்த விருந்தினரும்தான் அவர் மீதான புகார். ஆனாலும் அரசு விசாரணை நடத்தத் தேவைப்படவில்லை, அனுமதியை எடுத்துவிட்டால் போதும். வெளிநாட்டவரைப் பொறுத்தவரை அரசின் கையில் இருக்கும் மிக எளிய கருவி இன்றும் அதுதான்.

கொடைக்கானலில் காஷ்மீரின் சிங்கம்

குடிமகனாக இருந்தால் இந்த ஆபத்து இல்லையா? ஷேக் அப்துல்லாஹ்வின் வரலாறு அதற்குப் பதில் சொல்கிறது. 1965-ல் அவர் ஹஜ் பயணம் மேற்கொண்டார். அந்தப் பயணத்தில் அல்ஜியர்ஸ் நகரில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். காஷ்மீர் பற்றிய தம் கருத்தை அமெரிக்காவின் ஃபாரின் அஃபேர்ஸ் இதழிலும் எழுதினார். அவருடைய பாஸ்போர்ட் அனுமதிகள் ரத்தாயின. மே மாதம் டெல்லியில் வந்து இறங்கியதும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் கைதானார். முதலில் உதகையிலும் பின்னர் கொடைக்கானலில் ஒரு பங்களாவிலும் காவலில் வைக்கப்பட்டார். 1968 ஜனவரியில்தான் முழு விடுதலை கிடைத்தது. பேச்சுக்காகவும் சந்திப்புக்காகவும் பிடிக்கப்பட்ட அவர், அந்த ஆண்டுகளில் எந்த நீதிமன்றத்தின் தண்டனையும் இல்லாமலே அடைபட்டிருந்தார். அவரே 1975-ல் ஜம்மு காஷ்மீரின் முதலமைச்சரானார்.

ஆக, குடியுரிமை ஒரு கவசம்தான். ஆனால் அரசு காரணத்தைச் சொல்லாமலும் எதிர்வாதத்தைக் கேட்காமலும் நடவடிக்கை எடுக்க முடியுமானால், அந்தக் கவசத்திலும் ஓட்டை விழுந்துவிடுகிறது.

அரசமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசமைப்புச் சட்டம் இரண்டு சொற்களைக் கவனமாகப் பிரித்துக் கையாள்கிறது. பேச்சுரிமையும் கருத்துரிமையும் தரும் 19-வது பிரிவு ‘குடிமக்கள்’ என்கிறது. சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14-வது பிரிவும், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-வது பிரிவும் ‘எந்த நபருக்கும்’ என்கின்றன. அதாவது, இந்தியாவில் இருக்கும் வெளிநாட்டவருக்குப் பேச்சுரிமை அடிப்படை உரிமையாக இல்லை. ஆனால் சட்டப்படியும் நியாயமாகவும் நடத்தப்படும் உரிமை உண்டு.

ஹான்ஸ் முல்லர் வழக்கில் 1955-ல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் மிக விரிவானது என்று தீர்ப்பளித்தது. நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்த கிறித்தவ ஊழியர் லூயி டி ரெட் தொடுத்த வழக்கில், 21-வது பிரிவு வெளிநாட்டவருக்கும் உண்டு, ஆனால் இங்கேயே தங்கி வாழும் உரிமை அதில் அடங்காது என்று 1991-ல் கூறியது. 1946-ம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. வெளியேற்றும் அதிகாரம் அதிலும் தொடர்கிறது.

நம் காலத்து வழக்குகள்

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் பதாகை ஏந்தி நின்ற ஜெர்மானிய மாணவர் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தார். நாட்டை விட்டுப் போகச் சொன்னதும் அவர் புறப்பட்டுவிட்டார். கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த போலந்து மாணவருக்கும் அதே காரணத்துக்காக வெளியேறும் உத்தரவு வந்தது. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இருவர் செய்ததும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் நீதிமன்றக் கதவைத் தட்டினார் என்பதே வேறுபாடு.

அடுத்த சில வாரங்களில் கொரோனா வந்தது. தப்லீக் ஜமாஅத்தில் வந்திருந்த 960 வெளிநாட்டவரை உள்துறை அமைச்சகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. தமிழகத்திலும் பலர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் போதுமான அளவு துன்பப்பட்டுவிட்டார்கள் என்று கூறி வழக்குகளை முடித்து, அவர்கள் தாயகம் திரும்ப வழி செய்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்களைப் பலிகடா ஆக்கியதைக் கண்டித்தது. இவர்களைக் காத்தது பேச்சுரிமை அல்ல. நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்ற, எல்லா மனிதருக்கும் உரிய உரிமைதான்.

இணையதளம் எப்படி முடக்கப்படுகிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு மத்திய அரசுக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்பு, அரசின் பத்திரம், அயல்நாட்டு நட்புறவு, பொது அமைதி, இவை சார்ந்த குற்றங்களுக்குத் தூண்டுதல் ஆகியவையே காரணங்களாக இருக்கலாம். 2009-ம் ஆண்டின் விதிகளின்படி, வெளியிட்டவருக்கு நோட்டீஸ் அனுப்பி, குறைந்தது 48 மணி நேரம் அவகாசம் தந்து, ஒரு குழு விசாரிக்க வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டுப் பிறகு விசாரிக்கலாம். 16-வது விதி எல்லாவற்றையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. இதனால்தான் பல நேரங்களில் தளத்தை நடத்துபவருக்கே காரணம் தெரிவதில்லை.

2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது, 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது. எழுத்து மூலமான காரணம் இருக்க வேண்டும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்பதே அப்படி நிலைநிறுத்தியதற்கான அடிப்படை. இணையச் சேவையை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது.

தமிழ் வாசகர்கள் இதை 2025 பிப்ரவரியில் நேரில் கண்டனர். அமெரிக்காவிலிருந்து விலங்கிட்டு அனுப்பப்பட்ட இந்தியர்கள் பற்றிப் பிரதமர் பேசாததைக் குறித்து விகடன் பிளஸ் இதழ் ஒரு கார்ட்டூன் வெளியிட்டது. ஒரு கார்ட்டூனுக்காக விகடன் தளம் முழுவதும் முடங்கியது. மார்ச் 6-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்க உத்தரவிட்டது.

முடக்கப்படுவது வெளிநாட்டவரின் தளம் என்றால்? 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் எக்ஸ் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, 19-வது பிரிவு குடிமக்களுக்கே உரியது, அந்நிய நிறுவனம் அதைக் கோர முடியாது என்றது. மேலே சொன்ன ‘குடிமகன்’, ‘நபர்’ வேறுபாடு இணையத்திலும் அப்படியே நிற்கிறது.

அங்கே நாம் வெளிநாட்டவர்

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் கெய்தானின் இடத்தில் நிற்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ம் ஆண்டு 34-ம் எண் சைபர் குற்றச் சட்டம், அரசின் மதிப்பைக் குலைக்கும் பதிவுகளையும் வதந்திகளையும் தண்டிக்கிறது. குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ வி.பி.என். பயன்படுத்தினால் சிறையோ, 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை அபராதமோ உண்டு. 2020-ல் முஸ்லிம்களை இழிவுபடுத்தி எழுதிய இந்தியர் சிலர் அங்கே வேலை இழந்ததை நாம் வரவேற்றோம். அதே கத்தி நம் பக்கமும் திரும்பக் கூடியது. 2017-ல் சிங்கப்பூர் சூலியா பள்ளியின் இமாமாக இருந்த இந்தியர், யூதர்களையும் கிறித்தவர்களையும் புண்படுத்தும் துஆவை மிம்பரில் ஓதியதற்காக 4,000 வெள்ளி அபராதம் செலுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. சிங்கப்பூரில் ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனைக் கூட்டத்தில்கூட வெளிநாட்டவர் பங்கேற்க முடியாது.

நஜ்ஜாஷியின் அவை

மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களும் அந்நிய நாட்டில் விருந்தினர்களே. அவர்களைத் திருப்பி அனுப்பும்படி குறைஷிகள் தூதுவர்களை அனுப்பினார்கள். நஜ்ஜாஷி மன்னர், அவர்கள் தரப்பைக் கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்று மறுத்து அவர்களை அவைக்கு அழைத்தார். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் பேசினார்கள். ஈஸா (அலை) அவர்களைப் பற்றிக் கேட்டபோது, கிறித்தவ மன்னருக்குப் பிடிக்குமா என்று பார்த்து வார்த்தையை மாற்றாமல் உள்ளதையே சொன்னார்கள்.

இதில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. விருந்தினர் உண்மையை அடக்கத்தோடு சொன்னார், தங்க இடம் தந்த நாட்டுக்குத் துரோகம் செய்யவில்லை. ஆட்சியாளர் காரணம் கேட்டார், மறுதரப்பைக் கேட்டார், பிறகு முடிவு செய்தார். 48 மணி நேர நோட்டீஸும் எழுத்து மூலமான காரணமும் கேட்கும் இன்றைய நீதிமன்றங்கள் இந்த நியாயத்தையே கேட்கின்றன. விசா என்பதும் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஸூரா அல்மாயிதாவின் முதல் வசனமே கட்டளையிடுகிறது.

நம் கவனத்துக்கு

• சுற்றுலா விசாவில் வருபவர் பள்ளிவாசலுக்கு வரலாம், பயான் கேட்கலாம். பயான் செய்வதும் தப்லீக் பணியும் விதிமீறலாகும். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் உறவினரும் தப்லீக், பத்திரிகைப் பணிகளுக்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டும்.

• கொடைக்கானல் போன்ற ஊர்களில் விடுதியோ ஹோம்ஸ்டேயோ நடத்துபவர்கள், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தகவல் தர வேண்டும். ‘சி’ படிவம் என்று நாம் பழகியது இதுவே.

• வெளியேறும் உத்தரவு வந்தால் எழுத்தில் கேளுங்கள், உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

• நீங்கள் நடத்தும் தளம் முடக்கப்பட்டால் உத்தரவின் நகலைக் கோரி, உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

• வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம், அந்நாட்டைப் பற்றிய பதிவுகளை எழுதுவதிலும் பகிர்வதிலும் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். அநீதியைக் கண்டால் தூதரகமும் தொழிலாளர் நீதிமன்றமும் இருக்கின்றன.

நம் நாட்டில் குடிமக்களாக இருக்கும் நமக்கு, விருந்தினருக்கு இல்லாத உரிமை இருக்கிறது. அவருக்காகவும் சேர்த்து நியாயம் கேட்கும் பொறுப்பும் அதனால் நம் மீதே இருக்கிறது. அதை நிறைவேற்றும் துணிவை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக.