சாவன், பாதோன் மண்டபங்கள் (ஒளிப்படக்கலை)
தில்லி செங்கோட்டையின் ஹயாத் பக்ஷ் தோட்டத்தில் வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே நிற்கும் வெண்பளிங்கு மண்டபங்கள். மழை மாதங்களின் பெயர் கொண்டவை. கோட்டை 1648-இல் நிறைவுற்றது. முன்பு நீர் திரையாக விழுந்த இடத்துக்குப் பின்னால், சுவரில் வரிசையாகச் சிறு மாடங்கள்: அன்று பகலில் பூச்சாடியும் இரவில் விளக்கும் வைக்கப்பட்டன. அருவிப் படத்துக்கு வேண்டிய ஒளி வேறுபாட்டை ஷாஜகானின் கட்டடக்காரர்கள் அன்றே அமைத்துவிட்டார்கள் எனலாம். இன்று மண்டபங்கள் பெரும்பாலும் வறண்டே கிடப்பதால், படத்துக்கு ஆழம் தருவது மாடங்களின் நிழல்தான். நடுக்குளத்தில் பகதூர் ஷா ஜஃபர் 1842-இல் எழுப்பிய செம்மணற்கல் ஜஃபர் மஹாலைச் சட்டகத்தின் ஓரத்தில் சேர்த்தால் வெண்மை எடுப்பாகும். உச்சி வெயிலில் பளிங்கின் நுணுக்கம் வெளிறிவிடும். ஒளியளவைப் பளிங்கை வைத்தே கணிப்பது நல்லது. முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும்.