இரண்டு மொழியிலும் பேச்சு நின்றபோது

இந்த எபிசோடில் கொஞ்சம் ஊர் வரலாறு, கொஞ்சம் எங்க வீட்டு வரலாறு. ஒரு பிள்ளைக்கு மனசு சரியில்லைன்னு பெரியவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அப்புறம் எங்கே கூட்டிட்டுப் போனாங்க? இதுதான் கேள்வி. தம்பியின் சம்மதத்தோடுதான் பேசுறேன்.

நான் வளர்ந்தது பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு மாறிச்சு, நாக்கு மாறல. எங்க மாதிரி பல வீடுகளில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். அதனால வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் யாரும் பதற மாட்டாங்க. "தமிழ் இன்னும் வரல, வந்துடும்" என்பாங்க. பெரும்பாலும் வந்துடும்.

1994. தம்பிக்கு 14 வயசு. காலாண்டுப் பரீட்சைக்கு அப்புறம் பள்ளியில் பேசுறதை நிறுத்தினான். வீட்டுக்கு வந்தால் அவ்வாவிடம் வாய் ஓயாமல் தெலுங்கில் பேசுறவன், அவளிடமும் நிறுத்தினான். தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகினவன், தறி நின்ன பிறகும் முழிச்சுக்கிட்டு இருந்தான். ராத்திரி அதைக் கவனிச்சது அவ்வாதான். "இவனுக்கு ரெண்டு பாஷையும் போயிடுச்சு" என்றாள்.

அவ்வா கண்டுபிடிச்சதுக்கு அவளிடம் இருந்த பேர் ‘காத்து கருப்பு’. மந்திரிச்சாங்க, தாயத்து கட்டினாங்க. கார்த்திகை மாசம் சோளிங்கருக்கு பஸ் ஏறினோம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று அது. பெரிய மலையில் யோக நரசிம்மர், சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். மனசு கலங்கினவங்களைக் கூட்டி வந்து, தக்கான் குளத்தில் குளிக்க வைத்து, சின்ன மலை ஏற்றுவது பல தலைமுறைப் பழக்கம். இதை மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனசு வரல. நாள் முழுக்க அம்மா அவன் கையை விடல. யாரும் திட்டல. ரொம்ப நாளுக்கப்புறம் அன்னைக்கு ராத்திரி அவன் தூங்கினான். ஆனால் அத்தனை படி ஏறியும் ஒருத்தரும் அவனிடம் ‘என்னடா ஆச்சு?’ன்னு கேட்கல. நானும் கேட்கல. பத்து நாளில் பழையபடி ஆனான்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலன்னு கேட்கலாம். இங்கேதான் பெரிய வரலாறு வருது. சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794-லேயே வந்தாச்சு. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போச்சு. காலப்போக்கில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரே தமிழில் வசவாயிடுச்சு. "கீழ்ப்பாக்கம் கேஸா நீ?"ன்னு சினிமாவிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த அப்பாவுக்கு, பிள்ளையை மனநல டாக்டரிடம் காட்டுறதுன்னாலே அந்தப் பெரிய சுவர்தான் கண்ணில் தெரிஞ்சிருக்கும்.

ஆனால் பிள்ளைகளுக்கான மனநல உதவி சுவருக்குள்ளே பிறந்ததல்ல, பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் பிறந்தது. 1896-ல் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டி எழுதத் திணறிய 14 வயசுப் பையன். அழைத்து வந்தவர் அவனுடைய ஆசிரியை. சோதிச்சுப் பார்த்தால் அவனுக்குக் கண்பார்வையிலும் கோளாறு இருந்தது. ‘மக்கு’ன்னு முத்திரை குத்துறதுக்கு முன்னாடி என்ன காரணம்னு பாருங்க என்பதுதான் அந்த முதல் கேஸின் பாடம். 1937-ல் பம்பாயில் டாடா சமூகப்பணிப் பள்ளி குழந்தைகளுக்கான வழிகாட்டு மையம் தொடங்கியது. 1957-ல் எங்களுக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் வந்தது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கணும் என்பது அங்கே வழக்கமாச்சு. அடைச்சு வைக்கிற இடம் இல்லை அது. அந்தச் சேதிதான் எங்க வீடு வரைக்கும் வரவே இல்லை.

எங்க கதையிலும் ஒரு வாத்தியார் வந்தார். மார்க் குறைஞ்சதைச் சொல்லத்தான் வந்தார்னு நினைச்சோம். "திட்டாதீங்க. இவன் படிக்காத பையன் இல்ல. ஏதோ ஒண்ணு இவனை அமுக்குது. வேலூர் கூட்டிட்டுப் போங்க" என்றார். ‘வேலூர்’ என்றாரே தவிர ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பேச்சே எடுக்கல. அப்பா சம்மதிச்சதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன். அங்கே டாக்டர் எங்களையெல்லாம் வெளியே உட்கார வெச்சுட்டு, அவனிடம் மட்டும் பேசினார். ஒரு மணி நேரத்துக்கு மேல. என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் நாங்க கேட்கல. ஆறேழு தடவை போனான். கோடை லீவில் ஒரு நாள் அவ்வாவிடம் சண்டை போட்டான், தெலுங்கில். அவ்வா சிரிச்சுக்கிட்டே அழுதாள்.

அதுக்கப்புறம் நாட்டில் நிறைய மாறிச்சு. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் இறந்த பிறகு, நாடே மனநோயாளிகளின் நிலையைத் திரும்பிப் பார்த்தது. 2017-ல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிகிச்சை பெறுவது உரிமை, அதன் ரகசியம் காக்கப்படுவதும் உரிமை. அதே வருஷம் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் அறிவிப்பது நிறுத்தப்பட்டது. 2022 அக்டோபரில் 14416 என்ற இலவசத் தொலைபேசி உதவி வந்தது. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். இது அவ்வாவுக்குத் தெரிஞ்சிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

கடைசியாக, எப்போ உதவி தேடணும்? அவ்வா பார்த்ததையே இன்னைக்கு டாக்டர்களும் பார்க்குறாங்க. ஒரே இடத்தில் மட்டுமா, வீடு பள்ளி ரெண்டிலுமா? ரெண்டு நாள் கோபமா, ரெண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற மாற்றமா? தூக்கம், சாப்பாடு, படிப்பு, பிடிச்ச விளையாட்டு, சிநேகிதங்க, இவையெல்லாம் கைவிட்டுப் போகுதா? காரணம் தெரியாத தலைவலி, வயித்துவலி அடிக்கடி வருதா? அப்படின்னா காத்திருக்க வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டாலோ ரெண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்னைக்கே கேளுங்க, தனியா விடாதீங்க, அன்னைக்கே உதவி தேடுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது.

கோயிலுக்கும் கூட்டிட்டுப் போங்க, வேண்டாம்னு சொல்லல. பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மொழியில் அவனுக்குச் சுலபமோ அந்த மொழியில், "என்னடா ஆச்சு?"ன்னு ஒரு தடவை கேளுங்க. நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.