சரஸ்வதி போன வழியில் ஒரு குரல்

கோட் எழுதும்போது ஹெட்ஃபோன்ல நான் அடிக்கடி கேட்கிற ஒரு குரலோட கதைதான் இன்னைக்கு.

தக்கலை பக்கத்துல இருக்கிற பத்மநாபபுரம், 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை திருவிதாங்கூரின் தலைநகரம். தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிச்சு. பின்னாடியே நவராத்திரி விழாவும் போயிடுச்சு. ஆனா சரஸ்வதி இருக்கிறது இங்கதான். அதனால வருஷா வருஷம் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் துணைக்கு வர, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் ராத்தங்கி அவ திருவனந்தபுரம் போறா. 1956-ல் நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த பிறகும் இந்தப் பயணம் நிக்கல.

அங்கே நவராத்திரி மண்டபத்தில் 9 நாள் கச்சேரி. சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய 9 கீர்த்தனைகள், நாளுக்கு ஒண்ணு. முதல் நாள் சங்கராபரணம், கடைசி நாள் ஆரபி. யாரும் கைதட்டக் கூடாது.

கேட்கிற தெய்வம் பெண். ஆனா பாடுறதுக்குப் பெண்களை விடல. 2006-ல்தான் அந்த வழக்கம் உடைஞ்சது. பாடினவர் பாறசாலை பொன்னம்மாள். களியக்காவிளையைத் தாண்டினா அவர் ஊர். அப்போ வயசு 80-க்கு மேல!

2021-ல் அவர் காலமானார். கச்சேரிப் பதிவுகள் யூடியூப்ல இருக்கு. ராத்திரி, வேலையெல்லாம் முடிச்சிட்டு ஒண்ணு கேளுங்க. துளி அவசரம் இல்லாத பாட்டு. கேட்டு முடிச்சதும் ஒரு கேள்வி வரும்: இந்தக் குரலை அந்த மண்டபம் எத்தனை நவராத்திரி கேட்காம விட்டிருக்கு?